சுருட்டில் பூக்கும் வெண்பூ

யாழ்ப்பாணச் சுருட்டுக்குத் தென்னிலங்கைச் சிங்களக் கிராமங்களிலும் ஒரு காலத்தில் பெருமதிப்பு இருந்தது. நானாட்டான், முருங்கன் பக்கத்து வீடுகளிலும் பெரியவருக்கென வாங்கிவைத்த சுருட்டுக்கட்டு பெட்டியின் மூலையிலே கிடப்பதுண்டு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி கொட்டும். கட்டுக்கரைக்குளம் நிறையும், அருவியாறு பெருகும், உழவர் உள்ளம் குளிரும். பெட்டியிலிருக்கும் சுருட்டுக்கோ அது ஆகாத காலம்.

புகையிலை காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இனிப்புச் சேர்ந்த கோடா ஊட்டிய சுருட்டாயின் கேட்கவே வேண்டாம்; பூஞ்சணத்துக்கு நீரும் உணவும் ஒருங்கே வாய்த்துவிடுகின்றன. மேலே வெண்பொடி தோன்றினால், "நன்றாகப் பதமேறிப் பூத்திருக்கிறது" என மகிழ்வோர் உளர். மேல்நாட்டுச் சுருட்டுப் பிரியர்களும் அதனை இலையின் எண்ணெய் கசிந்து உறைந்த பொடியென்றே நெடுங்காலம் பாராட்டினர். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் அப்பெருமை பெரும்பாலும் நிலைப்பதில்லை. பூஞ்சண இழைகளும் வித்திகளுமே தென்படுகின்றன. பஞ்சுபோன்ற புள்ளிகள், சாம்பல் அல்லது பச்சை நிறம், மக்கிய மணம் ஆகியவை இருப்பின் ஐயத்துக்கே இடமில்லை.

ஈரத்தை அளக்கக் கருவி இல்லையே என்று கவலற்க. அடுக்களை உப்புச்சாடி போதும்! காற்றின் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது தூய உப்பு நீர்விடத் தொடங்கும். மக்னீசியம் குளோரைட்டுக் கலந்த உப்பளத்து உப்பு அதற்கு முன்னரே கசியும். முற்கூட்டி எச்சரிப்பது நன்மைதானே? பூஞ்சணமும் ஏறத்தாழ இந்த எல்லையை ஒட்டியே செழிக்கிறது.

பூஞ்சணம் கண்ட சுருட்டை உடனே அகற்றி, எஞ்சியவற்றை நிழலிலே காற்றாட விடுக. கடுவெயிலில் இட்டால் மேலிலை வெடித்துவிடும். பெட்டியைத் துடைத்து நன்கு உலர்த்திய பின்னரே மீண்டும் அடுக்குக. முனையிற் பூஞ்சணம் புகுந்த சுருட்டை எறிவதே முறை. துடைத்துவிட்டு மற்றக் கட்டுடன் சேர்த்து விற்கும் வியாபாரியும் இல்லாமலில்லை. துணி மேற்புறத்தைத் துடைக்குமேயன்றி உள்ளோடிய இழையைத் துடைக்காது.

பூஞ்சணம் அற்ற சுருட்டு நலமானதென்பது இதன் பொருளன்று. புகையிலையின் நஞ்சு அதில் அப்படியே உண்டு. 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுத்துள்ளது. பாட்டனாருக்குச் சுருட்டு வாங்கப் பள்ளிப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வழக்கம் ஒழியட்டும்.

1960இல் இங்கிலாந்தில் ஓரிலட்சம் வான்கோழிகள் மாண்டன. பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கே காரணமெனப் பின்னர் தெரிந்தது. அதிலிருந்த நஞ்சுக்கு அஃப்ளாடொக்சின் எனப் பெயரிட்டனர். செத்தல் மிளகாயிலும் இந்நஞ்சு உண்டாகலாம். ஆகவே உப்புச்சாடி கசியும் நாளிலே, சுருட்டுப் பெட்டிக்கு முன்னதாகக் கச்சான் சாக்கையும் மிளகாய்ப் பானையையும் திறந்து பாருங்கள்.