300 எம்பிபிஎஸ்-க்கு பணம் கட்டுறீங்க, வருதா?

நெட் ஸ்லோன்னு அடுத்த பிளானுக்குத் தாவுறதுக்கு முன்னாடி, ரவுட்டரோட ஸ்டேட்டஸ் பக்கத்தை ஒரு தடவை பாருங்க. பிரவுசர்ல 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடிச்சா பெரும்பாலும் திறக்கும். முகவரியும் பாஸ்வேர்டும் ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கும்.

அதுல வேன் போர்ட் வேகத்தைக் கவனிங்க. 100 எம்பிபிஎஸ்னு காட்டினா, 300-க்குக் கட்டினாலும் உங்களுக்குக் கிடைக்கிறது 100-க்குள்ளதான். ரவுட்டர் பழசா இருக்கலாம். இல்லன்னா கேபிள்ல இருக்கிற 8 கம்பியில ஒண்ணு அறுந்திருக்கலாம். பெரிய பிளானுக்கு மாசம் 400 ரூபாய் கூடுதல்னு வெச்சுக்கோங்க. 18% ஜிஎஸ்டியோட 472, வருஷத்துக்கு 5,664 ரூபாய். புது கேபிள் அதுல ஒரு சின்னப் பங்குதான்! அப்படியே கனெக்ட் ஆகியிருக்கிற சாதனங்களையும் பாருங்க. உங்களோடது இல்லாதது இருந்தா வைஃபை பாஸ்வேர்டை மாத்திடுங்க.

யுஎஸ்பி போர்ட் இருந்தா பென் டிரைவ் செருகி வீட்டுல எல்லாரும் ஃபைல் பகிரலாம். கிளவுட் சந்தா மிச்சம். யுஎஸ்பி 2.0 போர்ட் 0.5 ஆம்பியர்தான் தரும், அதனால சில ஹார்டு டிஸ்க் ஓடாது. அது பரவாயில்லை. என் கவலை வேற: சில ரவுட்டர்ல பாஸ்வேர்டே இல்லாம ஷேரிங் ஆன் ஆயிடும். உள்ளே ஃபார்ம் 16, பான் காப்பி இருந்தா, வைஃபை கேட்டு வாங்கின விருந்தாளியும் திறந்து பார்க்கலாம். ஷேரிங்குக்குப் பாஸ்வேர்டு வைங்க. எஃப்டிபியை வெளி இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம். டிரைவைச் சட்டுனு உருவாதீங்க, ஃபைல் கெட்டுப்போகும். அதே யுஎஸ்பி பக்கத்துல ரிமூவ் பட்டன் இருக்கும், அதை அழுத்திட்டு எடுங்க.