கொட்டகையில் பிறந்த புயல் கார்!

"என்னடா இது?" என்று கேட்டார் தந்தை.

"கார், அப்பா!" என்றான் மகன்.

தந்தை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவெல்லாம் துரு. தரையில் ஓட்டை. இருக்கைக்குள் எலி கூடு கட்டியிருந்தது. என்ஜின் இருக்க வேண்டிய இடம் காலி!

"இதுவா கார்?"

"இப்போது இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பாருங்கள்!"

1950ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பல வீடுகளில் நடந்த பேச்சு இது. காயலான்கடைக்குப் போக வேண்டிய காரை வாலிபர்கள் வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். கொட்டகையில் வைத்துப் பிரித்தார்கள். வேண்டாததைக் கழற்றி எறிந்தார்கள். பலமான என்ஜினைப் பொருத்தினார்கள். பழைய கார் புயல் வேகத்தில் பறந்தது.

இப்படி உருவான காருக்கு 'ஹாட் ராட்' என்று பெயர்.

எல்லோரும் தேடிய கார்

இதற்காக வாலிபர்கள் மிகவும் விரும்பித் தேடிய கார், 1932ஆம் ஆண்டு போர்டு கார். அதிலும் 'கூப்' என்ற வகைக்குத் தனி மதிப்பு. கூப் என்பது இரண்டு கதவும் மூடிய கூரையும் கொண்ட சிறிய கார்.

அந்தக் காருக்கு ஏன் அத்தனை மோகம்?

அந்த ஆண்டில்தான் ஹென்றி போர்டு ஒரு புதுமை செய்தார். அதற்குமுன் எட்டு சிலிண்டர் 'வி-8' என்ஜின் பெரும்பாலும் பணக்காரர்களின் காரில்தான் இருந்தது. போர்டு அதன் உடலை ஒரே வார்ப்பாக வார்த்துச் செலவைக் குறைத்தார். சாதாரண மக்கள் வாங்கும் காரிலும் வி-8 வந்துவிட்டது. அதன் சக்தி 65 குதிரை சக்தி. அந்தக் காலத்தில் மலிவான காருக்கு அது பெரிய சக்தி!

ஆண்டுகள் ஓடின. அந்தக் கார்கள் பழசாகி விலை இறங்கின. வாலிபர்களின் கைக்கு எட்டின.

காய்ந்த ஏரியில் ஓட்டம்

வேகமாகக் கார் ஓட்ட இடம் வேண்டுமே! கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் என்ற காய்ந்த ஏரிகள் உண்டு. கோடையில் அவற்றின் தரை பலகைபோல் பரந்து கிடக்கும். மரமும் கிடையாது, வீடும் கிடையாது. வாலிபர்கள் அங்கே கூடினார்கள். அளந்து வைத்த தூரத்தை எத்தனை விநாடியில் கார் கடக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். மணிக்கு 100 மைலைத் தாண்டுவது அவர்கள் கனவு.

இதை ஒழுங்காக நடத்த, 1937இல் பல கிளப்புகள் சேர்ந்து தெற்குக் கலிபோர்னியா நேரக்கணக்குச் சங்கத்தை அமைத்தன.

பிறகு உலகப் போர் வந்தது. வாலிபர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். பலர் அங்கே விமானத்தையும் லாரியையும் பழுது பார்க்கக் கற்றார்கள். போர் முடிந்து திரும்பியபோது கையில் தொழில் இருந்தது. சேமித்த சம்பளமும் இருந்தது. கொட்டகைகளில் சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகையும் வெளிவந்தது.

தெருவில் வந்த ஆபத்து

ஆனால் எல்லோரும் ஏரிக்குப் போகவில்லை. சிலர் ஊர்த் தெருவிலேயே பந்தயம் விட்டார்கள். குறுக்கே வந்தவர்கள் அடிபட்டார்கள். ஓட்டியவர்களும் மாண்டார்கள். ஹாட் ராட் என்றாலே ஜனங்கள் முகம் சுளித்தார்கள். போலீசார் துரத்தினார்கள்.

பொறுப்புள்ள வாலிபர்களுக்கு இது தலைகுனிவாக இருந்தது. தெருப் பந்தயத்தை ஒழிக்க வேண்டும். ஓட்டுவதற்கு வேறு இடம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார்கள். 1950இல் சாண்டா அனா விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றில் பந்தயம் நடக்கத் தொடங்கியது. தூரம் கால் மைல்தான். அதாவது 1,320 அடி. 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அவர் 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். ஓடுபாதைக்கு வரும் காரை முதலில் சோதனை செய்வார்கள். ஸ்டீரிங் ஆடினாலோ, பிரேக் சரியில்லை என்றாலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இனி நம் வாலிபனின் கொட்டகைக்குப் போவோம்.

முதலில் எதைச் செய்வது?

புதிதாகத் தொடங்குகிறவன் முதலில் என்ஜினைத்தான் தேடுவான். அனுபவசாலி அப்படிச் செய்யமாட்டான். அவன் முதலில் பார்ப்பது பிரேக்!

1932 போர்டில் பிரேக் மிதியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் அசைந்து பிரேக்கைப் பிடிக்க வைக்கும். ஒரு கம்பி கொஞ்சம் தளர்ந்தால் போதும்; ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றொன்று பிடிக்காது. கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்.

போர்டு கம்பெனி 1939இல் எண்ணெய் பிரேக்கைக் கொண்டுவந்தது. இதில் மிதியை அழுத்தினால் குழாயில் உள்ள திரவம் நான்கு சக்கரத்துக்கும் அழுத்தத்தைக் கொண்டுபோகும். வாலிபர்கள் உடைந்த புதிய கார்களிலிருந்து இந்தப் பிரேக்கைக் கழற்றி வந்து பழைய காரில் மாட்டினார்கள்.

இது ஏன் முக்கியம்? ஒரு கணக்கைப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் நான்கு மடங்கு ஆகும். 30 மைல் வேகத்தில் 45 அடியில் நிற்கும் கார், 60 மைல் வேகத்தில் 180 அடி ஓடித்தான் நிற்கும்!

உடல் இளைத்தது, உயரம் குறைந்தது

அடுத்தது உடல். மட்கார்டுகளைக் கழற்றினார்கள். பாரம் குறைந்தது. முன் அச்சைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தார்கள். காரின் மூக்கு தாழ்ந்தது.

பிறகு கூரை! ஜன்னல் தூண்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று அங்குலத் துண்டை வெட்டி எடுப்பார்கள். கூரையை இறக்கி வைத்துப் பற்றவைப்பார்கள். கேட்க எளிது. ஆனால் தூண்கள் சாய்ந்திருந்தால், இறக்கிய கூரை கீழ்த்தூணோடு பொருந்தாது. கண்ணாடியையும் அளவுக்கு வெட்ட வேண்டும். தவறாக ஒருமுறை வெட்டினால், பல நாள் உழைப்பு வீண்.

உயிருக்கே ஆபத்தான தவறும் உண்டு. பழைய பெட்ரோல் டாங்கி காலியாகத்தானே இருக்கிறது என்று நெருப்பைக் காட்டிப் பற்றவைக்கக் கூடாது. சொட்டுப் பெட்ரோல் இல்லாவிட்டாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். அது குண்டுபோல் வெடித்துவிடும்!

என்ஜினுக்கு ஊட்டம்

கடைசியில் என்ஜின். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தார்கள். பெட்ரோலும் காற்றும் அதிகமாக உள்ளே போயின. சிலர் மெர்குரி காரின் கிராங்கைப் போட்டார்கள். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் கூடியது. சக்தியும் கூடியது.

சக்தியோடு தொல்லையும் வந்தது. அந்த வி-8 என்ஜினில் சூடான புகை, என்ஜின் உடலுக்குள்ளேயே புகுந்து வெளியே போகும். அதனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். நல்ல ரேடியேட்டர் போடாதவர்கள் நடுவழியில் ஆவி பறக்க நின்றார்கள்! 1955இல் செவர்லே கம்பெனி 162 குதிரை சக்தியும் அதற்கு மேலும் தரும் புதிய வி-8 என்ஜினைக் கொண்டுவந்தது. பிறகு பலர் அதற்கு மாறிவிட்டார்கள்.

ஹாட் ராட் கட்டும் ஆசை இன்றும் அடங்கவில்லை. 1973இல் வந்த 'அமெரிக்கன் கிராபிடி' என்ற சினிமாவில் மஞ்சள் நிற 1932 கூப் ஒன்று ஓடியது. 2014இல் அமெரிக்க அரசு 1932 போர்டு ஹாட் ராட் படத்தோடு தபால் தலை வெளியிட்டது. ஒரு காலத்தில் போலீசார் துரத்திய கார், தபால் தலையில் ஏறிவிட்டது!

முதல் ஓட்டம்

ஒரு வருஷம் கழிந்தது. கொட்டகைக் கதவு திறந்தது. துருப்பிடித்த கார் எங்கே? கறுப்பு மின்ன, தரையோடு தரையாக ஒரு கார் உறுமிக்கொண்டு நின்றது.

"ஏறுங்கள், அப்பா!"

தந்தை பக்கத்தில் உட்கார்ந்தார். தாய் வாசலில் நின்று பார்த்தாள். ஆளில்லாத சாலையில் கார் சிறிது தூரம் ஓடியது. மகன் பிரேக்கை அழுத்தினான். இந்தப் பக்கமும் இழுக்கவில்லை, அந்தப் பக்கமும் இழுக்கவில்லை. கோடு போட்டதுபோல் நேராக நின்றது.

"எப்படி ஓடுகிறது, அப்பா?" என்று ஆவலோடு கேட்டான் மகன்.

தந்தை அவன் தோளைத் தட்டினார்.

"ஓடுவது இருக்கட்டும். நன்றாக நிற்கிறதடா! சனிக்கிழமை ஓடுபாதைக்கு எடுத்துப் போ. உன் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.