கண்ணாடி வியர்த்தால் முள் பொய் சொல்லும்!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் ஓய்வு. மீன்பிடித் தடைக்காலமான இந்த நாட்களில்தான் படகுக்கு பெயின்ட் அடிப்பதும், இன்ஜினைப் பிரித்து மாட்டுவதும் நடக்கும். அதே கையோடு கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஸ்டீயரிங் அருகே இருக்கும் மீட்டர்கள். அவற்றின் கண்ணாடி உட்புறமாக வியர்த்திருக்கிறதா?

ஈரம் எப்படி நுழைகிறது?

மீட்டரும் மூச்சு விடும். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். மழையோ அலைநீரோ பட்டுக் குளிரும்போது, வெளியிலுள்ள ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். மிச்சம் கண்ணாடியில் துளியாகிவிடும். மழைக்காலத்தில் பைக் ஸ்பீடோமீட்டரில் நாம் பார்ப்பதும் இதுவே.

எப்போது ஆபத்து?

லேசான மூட்டம் வெயில் பட்டதும் மறைந்தால் கவலையில்லை. துளிகள் நிரந்தரமாகத் தங்கினால் உஷார்! அதே ஈரம் பின்பக்க ஒயர் முனைகளிலும் களிம்பு ஏற்றியிருக்கும். பெரும்பாலான வெப்ப சென்சார்களில், சூடு ஏற ஏற மின்தடை குறையும். களிம்போ மின்தடையைக் கூட்டும். விளைவு, இன்ஜின் கொதிக்கும்போதும் முள் குறைவாகவே காட்டும். நடுக்கடலில் இன்ஜின் சீஸ் ஆன பிறகே உண்மை தெரியவரும்.

என்ன செய்யலாம்?

* பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு மீட்டரைக் கழற்றுங்கள்.
* காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு, மூன்று நாள் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்; அதிகச் சூட்டில் பிளாஸ்டிக் முகப்பு வளைந்துவிடும்.
* ஒயர் முனைகளில் களிம்பைச் சுரண்டி, அதற்கான கிரீஸ் தடவி மாட்டுங்கள். சென்சார் பக்க முனையையும் மறக்காதீர்கள்.
* ரப்பர் வளையம் விறைத்திருந்தால் மாற்றுங்கள். அடியில் காற்றுத் துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள்; ஈரம் உள்ளேயே சிறைப்படும்.
* உலர்த்திய பிறகும் வியர்த்தால், உள்ளே உப்பு படிந்திருக்கலாம். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை மீண்டும் மீண்டும் இழுக்கும். அப்படியானால் மீட்டரை மாற்றிவிடுவதே நல்லது.

கடல்நீரால் குளிரும் இன்ஜின் என்றால், இன்னொரு பழக்கமும் வேண்டும். முள்ளை மட்டும் நம்பாமல், படகின் பக்கவாட்டுக் குழாயில் தண்ணீர் சீராகக் கொட்டுகிறதா என்று அவ்வப்போது எட்டிப் பாருங்கள். அது குறைந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.