இரு நிரல்கள் பேசும் மொழி

கைப்பேசியில் இரயில் சீட்டுக்குப் பணம் செலுத்துகிறோம். சீட்டு வழங்கும் நிரல் ஒன்று. பணம் எடுத்துத் தரும் வங்கியின் நிரல் மற்றொன்று. ஒருவரையொருவர் கண்டறியாத மக்கள், வெவ்வேறு ஊர்களில் இருந்து எழுதியவை அவை. எனினும் முன்னது இவ்வளவு தொகை வேண்டுமெனக் கேட்க, பின்னது தந்தேன் என்றோ இல்லை என்றோ விடை பகர்கிறது. இவ்வாறு கேட்பதற்கும் விடை பெறுவதற்கும் வகுத்த ஒப்பந்தத்தை ஏ.பி.ஐ. என்று வழங்குகிறோம். வலை வழியே நடைபெறுமாயின் அது வலைச்சேவை. அவ்வொப்பந்தப்படி நம் பொருட்டு மற்ற நிரலோடு பேசும் சிறு நிரலே இணைப்பி. இதனைப் பயனுக்கு விடுமுன் சோதிப்பது எவ்வாறு என்பதே நான் சொல்ல வந்த பொருள்.

மாணவர் பலர் செய்யும் சோதனையை நான் அறிவேன். ஒரு கேள்வியை அனுப்புவர். 200 என்னும் எண் திரும்பி வரும். கேட்டது நிறைவேறியது என்பதற்கு அது குறி. உடனே மனநிறைவு கொள்வர். ஆனால் சில சேவைகள் 200 என்று தலைப்பிட்டு, உள்ளே பிழைச் செய்தியை வைத்து அனுப்புவதுண்டு. மஞ்சள் தடவிய உறைக்குள் துக்கச் செய்தி இருந்தாற்போல! உள்ளே இருப்பதையும் படித்தல் வேண்டும். படித்தாலும் போதாது, அதன் பொருளை இரு தரப்பாரும் ஒன்றாகவே கொண்டுள்ளனரா என்றும் பார்த்தல் வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று வலைச்சேவையன்று. கோப்பு வழியே பேசிக்கொண்ட இரு நிரல்களின் கதை. 1998 டிசம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கோளை ஆராய ஒரு கலத்தை ஏவிற்று. வழியில் அக்கலம் அவ்வப்போது தன் சிறு உந்துபொறிகளை இயக்கும். ஒவ்வோர் இயக்கமும் கொடுத்த உந்துதலைக் கணக்கிட்டுக் கோப்பில் எழுதியது ஒரு நிரல். அக்கோப்பைக் கொண்டு கலத்தின் பாதையைக் கணித்தது மற்றொன்று. ஒப்பந்தம் நியூட்டன் வினாடி என்னும் அலகைக் கூறிற்று. எழுதிய நிரலோ பவுண்டு வினாடியில் எழுதிற்று. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன் ஆகும். ஆகவே உண்மையான உந்துதலில் நாலில் ஒரு பங்கினும் குறைவாகவே பாதைக் கணக்கில் ஏறிற்று. செவ்வாய்க்கு மேல் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலம், 1999 செப்டம்பர் 23 அன்று ஏறக்குறைய 57 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, காற்று மண்டலத்துள் புகுந்து அழிந்தது.

இதில் என்னை மிகவும் சிந்திக்கச் செய்வது வேறொரு செய்தி. பயணத்தின் முதல் நான்கு மாதங்கள் அக்கோப்புகள் பயன்படவே இல்லை. அவற்றின் அமைப்பில் பிழைகள் இருந்தன. அப்பிழைகளைத் திருத்தியபின் கோப்புகள் தடையின்றி ஓடலாயின. வடிவம் செம்மையாயிற்று, பொருள் பிழைபட்டே இருந்தது. முன்பே அறிந்த ஓர் இயக்கத்தின் அளவைக் கையாற் கணக்கிட்டு, இரு நிரல்களின் வழியாகவும் செலுத்தி, இறுதியில் வரும் விடையோடு ஒப்பிட்டிருப்பின் 4.45 மடங்கு வேறுபாடு உடனே கண்ணில் பட்டிருக்கும்.

நம் இணைப்பிக்கும் அதுவே முதற் சோதனை ஆகுக. உண்மைச் சேவை கிடைக்குமுன், அதுபோல விடை கூறும் போலிச் சேவையொன்றை நாமே எழுதிக்கொள்வது வழக்கம். பயனுள்ள வழக்கமே. ஆயினும் போலியை எழுதியவர் நாமன்றோ? தொகையை ரூபாய் என நாம் கொண்டிருந்தால் போலியும் ரூபாய் என்றே கொள்ளும். உண்மைச் சேவை பைசாவில் கேட்பது அப்போது வெளிப்படாது. ஆதலின், பணம் கைமாறாத சோதனைக் களத்தை அச்சேவையினர் தந்திருந்தால் அங்கே ஒருமுறையேனும் செலுத்திப் பார்த்தல் வேண்டும். 03-04 என்று எழுதினால் அது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்பதும் அங்கேதான் தெளிவாகும்.

பெயர்களைத் தமிழிலும் அனுப்பிப் பாருங்கள். 'தமிழ்' என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடு முறையில் ஐந்து குறிகள், யு.டி.எப்.-8 வடிவில் 15 பைட்டுகள். இருபது பைட்டு இடம் வைத்த சேவை, ஆங்கிலப் பெயரை முழுதும் ஏற்று, நம் பாட்டியின் பெயரைப் பாதியில் வெட்டிவிடும்.

விடையே வாராத நிலையையும் சோதித்தல் வேண்டும். வங்கி பணத்தை எடுத்துவிட்டது. அதன் விடை வழியில் தொலைந்தது. நம் நிரல் பொறுத்துப் பார்த்து மீண்டும் கேட்கிறது. பணம் இருமுறை போய்விடலாம். இதனைத் தடுக்க ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் இடுவர். அதே எண் மீண்டும் வரின் சேவை பழைய விடையையே திருப்பித் தரும். சோதிக்கும்போது முதல் விடையை வேண்டுமென்றே இடையில் அறுத்துவிட்டு, அதே எண்ணோடு கோரிக்கையை மறுபடி அனுப்புங்கள். பிறகு கணக்கேட்டைத் திறந்து, தொகை ஒருமுறைதான் கழிந்துள்ளதா என்று எண்ணிப் பாருங்கள்.