அசைவைக் காக்கும் செயற்கை வட்டு

நாற்று நடுவதும் களை எடுப்பதும் மணிலாச் செடி பிடுங்குவதுமாகப் பொழுதெல்லாம் குனிந்து உழைத்தாலன்றி அடுப்பெரியாத கீழ்பென்னாத்தூர்ச் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு, முதுகு வளைந்து நிமிர்வதே ஜீவனாதாரம். அந்த அசைவைத் தருபவை, முதுகெலும்புகளுக்கு இடையே கழுத்து முதல் இடுப்பு வரை அமைந்த 23 வட்டுகள். ஜவ்வு என்று ஊரில் சொல்கிறோமே, அவைதாம்.

உள்ளே கூழான கருவும் வெளியே உறுதியான நார் வளையங்களும் கொண்ட இவற்றினுள், வயது வந்தோரிடம் இரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை. மேலும் கீழுமுள்ள எலும்பின் விளிம்புத் தட்டுகள் வழியே ஊறிவரும் போஷாக்கைக் கொண்டே வாழ்கின்றன. அந்த ஊற்றோட்டத்தை உயிருள்ள மனிதரிடத்தில் எம்.ஆர்.ஐ. படங்களால் ஆராய்ந்த கோவை கங்கா மருத்துவமனை டாக்டர் எஸ். ராஜசேகரனுக்கும் சகாக்களுக்கும் 2004-இல் சர்வதேசப் பரிசு கிடைத்தது, தமிழ்நாட்டுக்குப் பெருமை.

வட்டு அறவே நலிந்து, மருந்துக்கும் பயிற்சிக்கும் வலி அடங்காதபோது, இரு எலும்புகளையும் ஒன்றாக இணைத்துவிடுவது நெடுநாளைய சஸ்திர சிகிச்சை. வலி தணியும், ஆனால் அவ்விடத்து அசைவு போய்விடுவதால், ஜோடி மாட்டில் ஒன்று படுத்துவிட்டால் மற்றதன் கழுத்தில் பாரம் ஏறுவதுபோல, அண்டை வட்டுகளின் மீது சுமை கூடுகிறது.

இதற்குப் பரிகாரம் தேடி, ஸ்வீடன் தேசத்து ஃபெர்ன்ஸ்ட்ரோம் 1960-களில் எஃகு உருண்டைகளை வைத்துப் பார்த்தார். அவை எலும்புக்குள் அமிழ்ந்தன. பின்னர் கிழக்கு பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரு தங்கம் வென்ற கரின் பியூட்னர்-யான்ஸ், கர்ட் ஷெல்நாக்குடன் சேர்ந்து, இரு உலோகத் தட்டுகளுக்கு நடுவே வழுக்கி அசையும் பாலிஎதிலீன் கருவுடைய வட்டை உருவாக்கினார். அது 1984-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அமெரிக்கா 2004-இல் அனுமதித்தது. இடுப்புக்கு வயிற்றின் வழியாகவும், கழுத்துக்கு முன்புறமாகவும் இவ்வகை வட்டுகளைப் பொருத்துகிறார்கள்.

எனினும் இது சர்வரோக நிவாரணியன்று. எலும்பு மெலிந்தவர்களுக்கும், பின்புற மூட்டுகள் தேய்ந்தவர்களுக்கும், முதுகெலும்பு இடம் நழுவியவர்களுக்கும், கிருமித் தொற்று உள்ளவர்களுக்கும் இது ஏற்றதல்ல. மேலும், வட்டு பிதுங்கியவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் கத்தியின்றியே குணமடைகிறார்கள்.

ஆகையால் முதுகு வலித்தவுடன் சிகிச்சைக்குப் பறக்கவும் வேண்டாம். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ தைலம் தடவிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம்: அன்றைக்கே திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.