ஓடும் வண்டியின் நாடி

மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில் உழைத்துப் பழகிய மோட்டார் வண்டிகளுள், நான்கு சக்கரங்களாலும் இழுக்கவல்ல வண்டிக்குத் தனி மதிப்பு உண்டு. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அம்ஸ்ரர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பெற்ற லாண்ட் ரோவர் இவ்வகை வண்டிகளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதன் பழைய வரிசை வண்டிகள் 1985ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டன. அவற்றுட் சில இன்றும் தேயிலை மலைகளிடையே ஓடிக்கொண்டிருக்கின்றன. மழையில் கரைந்த பாதையும், செங்குத்தான ஏற்றமும், கல் நிறைந்த வளைவும் இவற்றுக்குப் பெருந்தடையல்ல.

ஆயினும் இத்தகைய பழைய வண்டிகளில் விந்தையான குறை ஒன்று தோன்றுவதுண்டு. மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட் வழியாக ஹட்டன் செல்லும் வரை வண்டி ஒழுங்காகவே ஓடும். கினிகத்தேனை இறக்கத்திலும் குறை தெரியாது. அவிசாவளையைத் தாண்டிச் சமவெளியில் வேகம் மணிக்கு 70 அல்லது 80 கிலோமீற்றரை எட்டியதும் வண்டி முழுவதும் நடுங்கத் தொடங்கும். ஸ்டியரிங் சக்கரம் கையில் துள்ளும். அல்லது இருக்கையின் அடியில் ஓயாத உறுமல் எழும். உரிமையாளர் டயரை மாற்றுவார். பின்னர் பெயரிங்கை மாற்றுவார். அதன் பின்னர் ஸ்பிரிங்கையும் மாற்றுவார். பணம் கரையும், நடுக்கம் மட்டும் நிற்பதில்லை. உறுப்புகளை மாற்றுவதற்கு முன்னர் அதிர்வை அளந்தறியாமையே இதற்குக் காரணம். மருத்துவன் மருந்து கொடுக்குமுன் நாடி பார்க்கிறான் அன்றோ? வண்டிக்கும் நாடி உண்டு.

மெதுவாகச் செல்லும்போது தெரியாத குறை விரைவில் மட்டும் தெரிவது ஏன்? சுழலும் பொருளின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்றுக் கனமாக இருப்பின், அக்கனம் வெளிப்புறமாக இழுக்கும். அவ்விழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். வேகம் இருமடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். சக்கரத்தின் நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றர் தொலைவில், உட்பக்கத்தில் 50 கிராம் சேறு உலர்ந்து ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அதன் இழுப்பு ஒரு கிலோகிராம் எடைக்கும் குறைவு. 80 கிலோமீற்றரிலோ அஃது ஏறத்தாழ மூன்றரைக் கிலோகிராம் எடைக்கு ஒப்பாகி, ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை அலைக்கும். தோட்டப் பாதையில் வண்டி இவ்வேகத்தை எட்டுவதே இல்லை. ஆகவே ஆண்டுக்கணக்காக வளர்ந்த குறை அங்கே மறைந்தே கிடக்கும். 2011ஆம் ஆண்டு முதல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை போன்ற பாதைகள் திறக்கப்பட்ட பின்னர், மலைவண்டிகளும் முன்பு அறியாத வேகத்தில் செல்ல நேர்ந்தது. மறைந்திருந்த குறையும் வெளிப்பட்டது.

இனி, நாடி பார்க்கும் முறையைக் கவனிப்போம். வண்டியில் சுழலும் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. 7.50–16 அளவுள்ள டயர் ஒருமுறை உருளும்போது வண்டி ஏறத்தாழ 2.4 மீற்றர் முன்னேறும். மணிக்கு 80 கிலோமீற்றர் என்பது வினாடிக்கு 22 மீற்றருக்குச் சற்று அதிகம். எனவே சக்கரம் வினாடிக்கு ஒன்பது முறைக்கு மேல் சுற்றுகிறது. பழைய லாண்ட் ரோவரின் அச்சிலுள்ள பற்சக்கர விகிதம் 4.7. ஆதலால் கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் உருக்குத் தண்டு, அதாவது கராஜ்களில் புரொப்பெலர் சாஃப்ட் எனப்படுவது, வினாடிக்கு 43 அல்லது 44 முறை சுற்றும். நான்காவது கியரில் எஞ்சினோ வினாடிக்கு 50 முறை, அதாவது நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும். சக்கரத்தின் குறை தட்டுத்தட்டான நடுக்கமாகவும், தண்டின் குறை உறுமலாகவும் தோன்றுவதன் காரணம் இதுவே. கையும் காதும் பழகிவிட்டால் இவ்வேறுபாட்டை அறிவது கடினமன்று.

முதலாவதாக எஞ்சினைப் பிரித்தறிதல் வேண்டும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை அதே சுழற்சிக்கு உயர்த்தினால் அதே நடுக்கம் தோன்றுகிறதா? தோன்றினால் எஞ்சினைத் தாங்கும் இறப்பர்களையும், விசிறியையும், கிளச்சையும் ஆராய்தல் தகும். தோன்றாவிடின், சமதரையான நேர்ப்பாதையில் நடுக்கம் எழும் வேகத்தில் ஒருமுறை நான்காவது கியரிலும், அவ்வேகத்தை மூன்றாவது கியரில் அடைய முடியுமாயின் மறுமுறை அதிலும் ஓட்டிப் பார்க்கலாம். எஞ்சினின் சுழற்சி மாறியும் நடுக்கம் மாறவில்லையெனில் குறை கியர்ப்பெட்டிக்கு அப்பால், தண்டிலோ சக்கரத்திலோ உள்ளது என்பது துணிபு. இத்தகைய சோதனைகளை இறக்கத்தில் செய்தல் ஆகாது. மலைச்சரிவில் வண்டியை நியூட்ரலில் விடுவது உயிருக்கு உலை வைப்பதாகும். அதிவேக நெடுஞ்சாலையும் சோதனைக்களம் அன்று.

இரண்டாவதாகச் சக்கரங்கள். விலை கொடுத்து எதனையும் வாங்குமுன் நான்கு சக்கரங்களின் உட்பக்கத்தையும் தண்ணீர் விட்டுக் கழுவுதல் நன்று. மலைநாட்டுச் செம்மண் காய்ந்துவிட்டால் கல்லெனப் பற்றிக்கொள்ளும். அதன் பின்னர் வண்டியை ஜாக்கினால் உயர்த்தி, சக்கரத்தின் அருகே ஒரு குச்சியை அசையாது நிறுத்திச் சக்கரத்தைக் கையாற் சுழற்றினால், வளைந்த விளிம்பும் புடைத்த டயரும் தம்மைத் தாமே காட்டிக்கொள்ளும். பின்னர் முன்சக்கரங்களைப் பின்னும் பின்சக்கரங்களை முன்னுமாக மாற்றிப் பூட்டி ஓட்டுதல் வேண்டும். கையில் இருந்த நடுக்கம் இருக்கைக்கு மாறினால் குற்றவாளி அகப்பட்டான் எனலாம். சக்கர நடுக்கம் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உச்சமடைந்து, அதைக் கடந்ததும் தணியும். ஊஞ்சலை அதன் இயல்பான ஆட்டத்துக்கு இசையத் தள்ளினால் மட்டுமே அஃது உயர எழுகிறது. அவ்வாறே, ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்த அச்சின் இயல்பான ஆட்டமும் சக்கரத்தின் சுற்றும் ஒன்றுபடும் வேகத்திலேதான் நடுக்கம் பெரிதாகிறது.

மூன்றாவதாக, பலர் கவனியாது விடும் உருக்குத் தண்டு. அச்சு மேலும் கீழும் அசைவதால், தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவான மூட்டுகள் உள்ளன. இவையே யுனிவர்சல் ஜொயின்ட் எனப்படுபவை. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஹூக் ஆராய்ந்த இம்மூட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. சாய்ந்த நிலையில் சுழலும்போது, அஃது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். முதல் மூட்டின் ஏற்றத்தாழ்வை இரண்டாம் மூட்டு ஈடுசெய்தல் வேண்டும். அதற்கு இரு மூட்டுகளின் கவைகளும் ஒரே நேரில் அமைதலும், இரு முனைகளின் சாய்வும் சமமாதலும் இன்றியமையாதன. பழுதுபார்க்கும்போது தண்டின் இரு பாகங்களையும் கழற்றி, முன்னிருந்த குறியைப் பாராது பூட்டிவிட்டால், புதிய மூட்டுகள் போட்ட வண்டியும் நடுங்கும். பாரம் ஏற்றி ஏற்றிச் சோர்ந்த ஸ்பிரிங்கும், பாரத்துக்கென அளவு மீறித் தகடு சேர்த்த ஸ்பிரிங்கும் அச்சின் சாய்வை மாற்றி இதே விளைவைத் தரும். தண்டில் ஒட்டப்பெற்ற சிறு சமன்தகடு உதிர்ந்துபோனாலும், கல் மோதித் தண்டு நசுங்கினாலும் உறுமல் எழும். தண்டைக் கையாற் பற்றி முறுக்கும்போது மூட்டில் சிறிது ஆட்டம் தென்பட்டாலும் அம்மூட்டை மாற்றுவதே அறிவுடைமை.

இரு தண்டுகளுள் எது குற்றமுடையது? பழைய லாண்ட் ரோவரில் முன்தண்டைக் கழற்றிவிட்டுப் பின்சக்கரங்களின் இழுப்பில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். நடுக்கம் மறைந்தால் விடை கிடைத்துவிட்டது. ஆனால் பின்தண்டைக் கழற்றும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இவ்வண்டியில் கைப்பிரேக் சக்கரங்களைப் பற்றுவதில்லை. கியர்ப்பெட்டியின் பின்னே, தண்டு தொடங்கும் இடத்தையே பற்றுகிறது. பின்தண்டு கழன்றால் பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தக் கைப்பிரேக்குக்கு வழியில்லை. மஸ்கெலியா போன்ற சரிவு நிலத்தில் அவ்வண்டி, அடியில் படுத்து வேலை செய்பவர்மேல் உருண்டுவிடும். ஆகவே சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வலிய கட்டைகளை அண்டக் கொடுத்த பின்னரே தண்டில் கை வைத்தல் வேண்டும்.

நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவோரும் இக்காரணத்தையே எண்ணிப் பார்த்தல் நலம். தேய்ந்த மூட்டு ஒருநாள் முறியும். பின்தண்டு ஏற்றத்தில் அறுந்து விழுமாயின், எஞ்சினின் இழுப்பும் கைப்பிரேக்கின் பிடிப்பும் ஒரே கணத்தில் பின்சக்கரங்களை விட்டு நீங்கும். நள்ளிரவில் தோட்டத்து நோயாளியை டிக்கோயா மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வண்டிக்கு இந்நிலை நேர்ந்தால் விளைவு யாது என்பதைக் கூற வேண்டுவதில்லை.

ஆகவே, வண்டி வைத்திருப்போர் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருத்தல் நன்று. நடுக்கம் எந்த வேகத்தில் தொடங்கிற்று, எந்த வேகத்தில் தணிந்தது, கையில் தோன்றிற்றா, இருக்கையில் தோன்றிற்றா என்பவற்றை அதில் எழுதிவைத்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே பாதையில் அதே வேகத்தில் மீண்டும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் குறை நீங்கினாலும் காரணம் விளங்காது. காரணம் விளங்காத குறை மீண்டும் வரும்போது தேடல் முதலிலிருந்தே தொடங்கும். அரைக்காசுச் செலவின்றிக் கழுவிய சேற்றில் தொடங்கி, விலையுயர்ந்த உறுப்பில் முடியும் வகையில் ஒழுங்காகத் தேடுபவருக்கு, வண்டி தன் நோயைத் தானே சொல்லிவிடும்.