பின்னொட்டு சொல்லும் செய்தி

ஜொகூர் சாலையில் செல்லும் மகிழுந்தின் எண் பலகை ‘ஜே’ என்னும் எழுத்தில் தொடங்கினால், அது ஜொகூர் மாநிலத்தில் பதிவு செய்யப்பட்டது என்பது விளங்கும். கணினிக் கோப்புகளுக்கும் இத்தகைய அடையாளம் உண்டு. அது பெயரின் இறுதியில், புள்ளிக்குப் பின் வரும். இதனைப் பின்னொட்டு என்பர்.

மனிதர் எழுதும் மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள் தொகுப்பி எனப்படும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஜி.சி.சி.’ அவற்றுள் புகழ்பெற்றது. முதலில் சி மொழிக்காக உருவான இத்தொகுப்பி, இன்று சி பிளஸ் பிளஸ், ஃபோர்ட்ரான் முதலிய பல மொழிகளைக் கையாள்கிறது. ஒரு கோப்பு எம்மொழியில் எழுதப்பட்டது என்பதை அது பின்னொட்டைக் கொண்டே முடிவு செய்கிறது.

இம்முறையில் சிக்கலும் உண்டு. ஆங்கிலச் சிறிய எழுத்து ‘சி’ பின்னொட்டாக இருந்தால் அது சி மொழி. பெரிய எழுத்தாக இருந்தால் சி பிளஸ் பிளஸ். விண்டோஸ் கணினிகளோ, பொதுவாகக் கோப்புப் பெயர்களில் இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. சில கோப்புகளுக்குப் பின்னொட்டே இருப்பதில்லை. பெயரை மாற்றிவிடலாமே என்று தோன்றலாம். ஆனால், பழைய பெயரைக் கொண்டு அக்கோப்பைத் தேடும் பிற நிரல்கள் செயலிழந்துவிடும்.

இதற்குத் தீர்வாகக் கட்டளை வரியில் ‘எக்ஸ்’ என்னும் தெரிவு சேர்க்கப்பட்டது. சிறு கோட்டுடன் இவ்வெழுத்தையும் அதன்பின் மொழியின் பெயரையும் தட்டச்சு செய்தால், தொகுப்பி பின்னொட்டைப் பொருட்படுத்தாது. இத்தெரிவு தனக்குப் பின் வரும் கோப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆகவே, கோப்பின் பெயருக்கு முன்னரே இதனை எழுத வேண்டும். பின்னால் எழுதினால் பயனில்லை.

எனினும், இத்தெரிவு கோப்பின் உள்ளடக்கத்தை மாற்றாது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’, தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் மொழியாகும். எழில் நிரல் ஒன்றைச் சி மொழி என அறிவித்துத் தொகுப்பியிடம் கொடுத்தால், பிழைச் செய்திகளே வரும்.

‘ஜே’ எண் பலகையைக் கொண்டு மகிழுந்தில் இருப்பவர் ஜொகூர்க்காரர் என்று உறுதியாகக் கூற முடியாது. அதுபோலவே, பின்னொட்டும் ஓர் அடையாளம் மட்டுமே. கோப்பில் இருப்பது எம்மொழி என்பதை அறிந்து, அதனைச் சரியாகத் தெரிவிப்பது நிரலாளரின் பொறுப்பாகும்.